வேகத்தைக் குறைக்கும் பொத்தான்

என் அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் பேசியபோது உன் தொண்டை கட்டியிருந்தது, வெந்நீர் குடித்தாயா, அல்லது சரி சரி என்று சொல்லிவிட்டு வழக்கம்போல மறந்துவிட்டாயா தெரியவில்லை. இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுதினால் அதில் பாதிதான் உண்மை, மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, உன் அம்மாவின் காது வீடு முழுக்க இருக்கிறது. அவள் இப்போது உள்ளே படுத்திருக்கிறாள், நான் சமையலறை மேஜையில் காய்கறிக் கூடையை நகர்த்தி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனதிலிருந்து நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாய். முதலில் அவளும் பேசினாள். பிறகு குளிக்கிறாள், தூங்குகிறாள், பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதெல்லாம் பொய் பாப்பா. எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவாள், நான் கதை விடுவேன். அம்மாவுக்கு என் மேல என்னப்பா கோபம் என்று போன தடவை நீ கேட்டாயே, அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபம் இல்லை. என்னவென்று எனக்கும் புரியாமல்தான் இருந்தது, இப்போது கொஞ்சம் புரிந்திருக்கிறது, அதைத்தான் சொல்லப்போகிறேன், ஆனால் அதற்கு உன் பழைய கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், சிரிக்காதே.

பயிற்சி சொல்லித்தர வந்த பெண் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள், தினமும் அழுத்த வேண்டும் என்று. அம்மா ஒரு வாரம் அழுத்தினாள், அப்புறம் பந்து மாவு டப்பாவுக்குப் பின்னால் போய்விட்டது. நான் எடுத்து வைப்பேன், அவள் ஒளித்து வைப்பாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து விரல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள், நான் என்ன கண்காட்சியா, எந்நேரமும் என்னையே பாத்துக்கிட்டு, போய் வேற எதையாவது பாருங்க என்று விரட்டிவிட்டாள். போனேன். பரணில் நீ ஸ்டிக்கர் ஒட்டிய அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிதான் முதலில் கண்ணில் பட்டது.

உனக்குத்தான் தெரியுமே, காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நான், மூடியிருக்கிற எதைப் பார்த்தாலும் திறக்காமல் இருக்க முடியாது. மூடியைக் கழற்றினேன். உள்ளே தூசி மெத்தை போட்டிருந்தது, ஒரு பல்லி பிறந்து வளர்ந்து காலமாகியிருந்தது. போர்டில் இருந்த சின்ன பேட்டரி கசிந்து சுற்றிலும் பச்சையாகப் பூத்திருந்தது. இதற்கு என்ன செய்வது என்று காயலான் கடைக்காரரிடம் கேட்டேன். அவருக்குத் தெருவில் காந்தம் என்றுதான் பெயர், அவர் கடைக்குள் போன எந்தச் சாமானும் திரும்பி வராது. அவர் பழைய டூத் பிரஷ்ஷும் வினிகரும் போதும் என்றார். உன் அம்மாவுக்குத் தெரியாமல் வினிகரை எடுத்துத் தேய்த்தேன், வீடெல்லாம் ஊறுகாய் வாசனை. காயவைத்துப் பிளக்கைச் சொருகினால் மூச்சு விடாமல் கத்துகிறது, திரையில் ஒன்றும் இல்லை. அது கத்துவதற்கு ஒரு கணக்கு உண்டாம், இத்தனை கத்தல் என்றால் இன்ன கோளாறு என்று. வாய் பேசத் தெரியாத குழந்தை எங்கே வலிக்கிறது என்று அழுது காட்டுகிற மாதிரி. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எங்கள் லிஃப்ட் எல்லாம் நடுவில் நின்றால் உள்ளே இருக்கிற மனிதர்கள்தான் கத்துவார்கள், லிஃப்ட் வாயே திறக்காது. மெமரிப் பட்டைகளை உருவி, பள்ளிக்கூடத்து ரப்பரால் அதன் மஞ்சள் பற்களைத் துடைத்து மறுபடி செருகினேன், கத்தல் நின்றது, திரையில் வெள்ளை எழுத்து வந்தது. தனியாக நின்று கை தட்டினேன், என்ன ஆச்சு என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, ஒன்றுமில்லை, கொசு என்றேன்.

அப்புறம்தான் சிக்கல். கம்ப்யூட்டர் எதையாவது டைப் அடிக்கச் சொல்லி இமைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு ஒரே விரல், அதுவும் ஒவ்வொரு எழுத்தையும் தொலைந்த சாவியைத் தேடுகிற மாதிரி தேடும். டக். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு டக். வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்த உன் அம்மாவுக்கு இது எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. அடுத்த அறையில் இருந்தவள், அது கீழ் வரிசையில இருக்குங்க, இடது பக்கம் என்றாள். நான் எந்த எழுத்தைத் தேடுகிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசற்படியில் வந்து நின்றாள். அதற்கப்புறம், தள்ளுங்க, பாக்கவே சகிக்கல என்று என்னை நகர்த்திவிட்டு இடது கையாலேயே அடித்தாள். வலது கை மடியில்தான் இருந்தது, நானும் அதைப் பார்க்கவில்லை. உன் பழைய விளையாட்டுத் தட்டைச் செருகினால் பிளாப்பி டிரைவ் கொஞ்ச நேரம் கரகரவென்று அரைத்தது, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து உள்ளே துடைத்ததும் வழிக்கு வந்தது. உன்னுடைய அந்த விளையாட்டு வந்தது, சிவப்புத் தொப்பிக்காரன் சுரங்கத்துக்குள் லாந்தரோடு போவானே, அதுதான்.

இதில் என் புத்திசாலித்தனத்தைக் கேள். காந்தம் என்னிடம், இதைவிட வேகமான புராசஸர் ஒண்ணு கெடக்கு, போட்டுப் பாக்கறீங்களா என்றார். வேகம் என்றால் நல்லதுதானே என்று போட்டேன். பெட்டியின் முகப்பில் டர்போ என்று ஒரு பொத்தான் உண்டு, அதிலிருந்து வருகிற ஒயரைப் போர்டில் மாட்டாமல் விட்டுவிட்டேன், இருக்கிற வேகமே போதும், இன்னும் வேகம் எதற்கு என்று. விளையாட்டைப் போட்டால் தொப்பிக்காரன் தெரிவதற்குள் செத்துப்போகிறான். பாட்டு, கீச் என்று ஒரே சத்தமாக முடிகிறது. அம்மா ஒரு விரலை எடுத்து வைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது, கம்ப்யூட்டர்கூட எனக்காக நிக்காது போலிருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

மறுநாள் காந்தத்திடம் ஓடினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் காலத்து விளையாட்டுகளுக்குத் தனியாகக் கடிகாரம் கிடையாதாம், கம்ப்யூட்டரின் வேகம் எதுவோ அதுதான் அதற்கு நேரம். பெட்டி ஓடினால் ஆட்டமும் ஓடும், பெட்டி நடந்தால் ஆட்டமும் நடக்கும். அதனால்தான் டர்போ பொத்தானே வைத்தார்கள், பேர்தான் டர்போ, மாட்டி வெச்சதே வேகத்தைக் குறைக்கத்தான் சார் என்றார். மெதுவாக ஓடுவதற்காக ஒரு பொத்தான்! வேலை பார்த்த காலமெல்லாம் ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது என்று திட்டு வாங்கியவன் நான், மெதுவாக்குவதற்கென்று ஒரு பொத்தான் வைத்து அதற்கு ராஜா மாதிரி பேரும் வைத்த அந்த மனிதரை நினைத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். ஒயரை மாட்டிப் பொத்தானை அமுக்கினேன். தொப்பிக்காரன் ஒரு அடி வைத்தான், நின்றான், இன்னொரு அடி வைத்தான். அம்மாவைக் கூப்பிடவில்லை, சத்தத்தை மட்டும் கூட்டி வைத்தேன். வந்தாள்.

இனிமேல்தான் நான் செய்த முட்டாள்தனம். இடது கையால் அம்புக்குறிகளை அழுத்தி அவனை நடத்துவாள், தாவுவதற்கு ஸ்பேஸ் பாரை அழுத்த வேண்டும், அதற்கும் இடது கையையே கொண்டுபோவாள், அதற்குள் அவன் பள்ளத்தில் விழுவான். இப்படியே நாலைந்து நாள். டைப்பிஸ்ட்டுகள் ஸ்பேஸ் பாரை எப்போதும் வலது கட்டை விரலால்தான் தட்டுவார்களாம், அவளே சொல்லியிருக்கிறாள். ஒருநாள் பாம்பு துரத்துகிறது, முன்னால் பள்ளம், வலது கை தானாக மேஜைமேல் ஏறியது, கட்டை விரல் ஸ்பேஸ் பாரைத் தட்டியது, தொப்பிக்காரன் தாவிவிட்டான். அவள் அதைக் கவனிக்கவே இல்லை பாப்பா. நான் கவனித்தேன். கவனித்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கை, கை, வலது கை அசைஞ்சுதுடி என்று நாற்காலியை விட்டு எழுந்து கத்திவிட்டேன். அவ்வளவுதான். கையை வெடுக்கென்று இழுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். நல்ல நேரத்துல ஞாபகப்படுத்தினீங்க என்றாள். அந்த வாரம் அந்த அறைப் பக்கமே வரவில்லை.

நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். மன்னிப்புக் கேட்டால் மறுபடியும் அந்தக் கையைப் பற்றித்தான் பேச வேண்டும். அதனால் நானே உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தேன். இரண்டாம் கட்டத்தில் ஒரு பலகைப் பாலம் வருமே, மிதித்ததும் சில பலகைகள் உடையும், அதில் விழுந்துகொண்டே இருந்தேன், வேண்டுமென்று இல்லை, நிஜமாகவே எனக்கு வரவில்லை. கடைசியில் அவளால் தாங்க முடியவில்லை. வந்து உட்கார்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு ஸ்க்ரூவைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அந்த ஸ்க்ரூவை இப்போது முகம் பார்க்க உபயோகிக்கலாம். பின்னால் டக் டக் என்று கேட்டது, நடுவில் ஸ்பேஸ் பாரின் கொஞ்சம் கனமான டக் ஒன்று. திரும்பவே இல்லை நான்.

அப்போதுதான் அவளாகவே பேசினாள். என் முதுகைப் பார்த்துத்தான் பேசினாள், அதுதான் வசதியாக இருந்தது போலும். எல்லாரும் என்கிட்ட பேசறதா நெனச்சுக்கிட்டு என் கைகிட்டதான் பேசறீங்க, அவ போன் பண்ணாலும் கை எப்படிம்மா இருக்கு, பந்து அழுத்தறியா, விரல் மடங்குதா, கையைத் தவிர நான்னு ஒருத்தி இருக்கேனா இல்லையா, நல்லா இருக்குன்னு சொன்னா பொய், இல்லேன்னு சொன்னா அங்க அவ அழுவா, அதுக்குப் பேசாமலே இருக்கலாம்ல என்றாள். நீ பாசத்தில் கேட்டாய், நானும் பாசத்தில்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து அவளை ஒரு கையாக மட்டும் சுருக்கிவிட்டோம்.

இதைப் படித்துவிட்டு அழாதே, அழுதாலும் மாப்பிள்ளையிடம் காரணத்தைச் சொல், அவர் பாட்டுக்கு என்னவோ ஏதோ என்று பயந்துவிடப்போகிறார். நேரத்துக்குச் சாப்பிடு. ஆபீஸிலிருந்து வந்ததும் அந்த ஈர சாக்ஸோடு சோபாவில் சுருண்டு படுக்காதே. இங்கே வீட்டு வேலைக்கு ஆள் வைக்க வேண்டாம், நான் நன்றாகவே சமைக்கிறேன், அம்மா குறை சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிடுகிறாள். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயே, அந்தப் பேச்சே வேண்டாம். லீவு கிடைக்கும்போது வா.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. அந்தப் பாலத்தில் எந்தப் பலகையில் விழுகிறாய் என்று கேள். அவள் இப்போது அதில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறாள், நீ சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவாய் என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பொருமுகிறாள். தெரிந்தால் சொல்லிக்கொடு, மறந்துபோயிருந்தால் மறந்துவிட்டது என்றே சொல், திட்டுவாள், வாங்கிக்கொள். கையைப் பற்றி அவள் சொன்னதை நான் எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. கடவுள் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

எழுதாமல் விட்ட ஒன்று. நேற்று மத்தியானம் போன் அடித்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக எனக்கு முன்னால் அவள் எழுந்து போய் எடுத்தாள். மருந்துக் கடையிலிருந்து, மாத்திரை வந்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்கள். உங்களுக்குத்தான் என்று என்னிடம் நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தேன் பாப்பா. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே, இதைப் படித்து முடித்ததும் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் வருகைக்கும் குரலுக்கும் காத்திருக்கும்
அப்பா