வாசலில் கிடந்த செருப்புகள்

தாம்பரம்,
3.8.91

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா? நான் நலம்.

பல்கலைக்கழகத்தின் புது ஆராய்ச்சிக் கட்டடத்துக்கு இன்னும் பெயர்ப்பலகை வரவில்லை. உள்ளே தூசி ஆகாது என்று எல்லோரும் செருப்பை வாசலில் விடுகிறோம். நேற்று ஆடி வெள்ளி. பக்கத்து இரும்புலியூரிலிருந்து வந்த கங்கையம்மாள் என்ற அக்கா அந்தச் செருப்புக் குவியலைப் பார்த்துக் கோயில் என்று நினைத்து, தேங்காய்த் தட்டோடு நுழைந்துவிட்டார். வாசலைக் கவனிப்பது என் பொறுப்பு; வெளியாளை உள்ளே விட்டால் வேலை போய்விடும்.

"சாமி எங்கம்மா கீது?"

"இங்க சாமி இல்லக்கா. மைக்ராஸ்கோப்தான்."

"அதுக்கு ஒரு தேங்கா ஒடைக்கக் கூடாதா?"

வெள்ளைக் கோட்டும் வெறுங்காலுமாக இயக்குநர் வந்தார். 

"வா பூசாரி, எவ்ளோ நேரம் நிக்கறது?" என்று அக்கா தட்டை அவர் கையில் கொடுத்தார். அவர் என்னை முறைத்தார். பிறகு வாசலுக்குப் போய் உடைத்தார். வேலை தப்பியது.

அக்கா என் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய், மாலையில் திருப்பிக் கொண்டுவந்தார். "சாப்ட்டியாம்மா?" என்றார். இங்கே வந்த பிறகு யாரும் கேட்காத கேள்வி.

அம்மாவின் பூண்டு ஊறுகாய் அனுப்புங்கள். இரண்டு பாட்டில், ஒன்று அக்காவுக்கு. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
தையல்நாயகி