சின்ன மேசையில் ஷூஃப்ளை

அக்டோபர் 2, வியாழன்

"டீச்சர், ஷூஃப்ளையைச் சூடா இருக்கும்போதே வெட்டினா என்ன ஆகும்?" முதல் வகுப்பு ஏமஸ் ஒருமுறை கேட்டான். வாயால் சொன்னால் மனதில் நிற்காது. மறுநாள் அடுப்பிலிருந்து இறக்கிய ஷூஃப்ளைப் பாகு அப்பத்தைத் துணியில் சுற்றிப் பள்ளிக்கு எடுத்துப்போய், கத்தியை அவன் கையிலேயே கொடுத்தேன். அடியிலிருந்த கரும்புப் பாகு மேசை முழுக்க ஓடியது. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் விரலால் வழித்து நக்கினார்கள்.

இன்று அது நினைவுக்கு வரக் காரணம் தங்கை லவீனா. நாளை வருகிறாள். இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். வீடு எது அவளுக்கு? புருஷன் இறந்துவிட்டார், பிள்ளையும் இல்லை.

"அக்கா, உன்கிட்டயே வந்துடட்டுமா? ஷூஃப்ளை மட்டும் நான் செஞ்சுக்குறேன். நீ செய்யுறதை நாய்க்குப் போட்டா அதுவே தண்ணி கேக்கும்."

வீட்டுக்குள் தொலைபேசி வைக்க எங்கள் சபை விடாது; சாலையோரத் தொலைபேசிக் கொட்டகையில் நின்று சிரித்தேன். வெளியே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்டோபர் 3, வெள்ளி

வந்துவிட்டாள். கோட்டுக்குள் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

தம்பி பெனுவல் ஒரு சின்ன மேசையைக் கொண்டுவந்து போட்டான். சபையின் டீக்கன் அவன். விதி மீறாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. ஞானஸ்நானம் வாங்கியபின் சபைக்கு வெளியாளைக் கட்டிக்கொண்டு போனவள் லவீனா. அன்றிலிருந்து விலக்கில் இருக்கிறாள். நாங்கள் அவளுக்குப் பரிமாறலாம். ஒரே மேசையில் அவளோடு சாப்பிடக் கூடாது. அவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. அவள் கீழே வைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

சின்ன மேசைக்கும் பெரிய மேசைக்கும் நடுவே ஒரு கை அகலம் விட்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே விரிப்பைப் போட்டேன். பெனுவல் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் குனிந்து பார்த்தான்.

"இடம் விட்டிருக்கியா?"

"விட்டிருக்கேன்."

"நல்லா பாருடா," என்றாள் லவீனா. "இன்னும் கொஞ்சம் விட்டா நடுவுல குதிரை வண்டியே போகும்."

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாடியைத் தடவிக்கொண்டே வெளியே போய்விட்டான்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று அவள் செய்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாவு, சர்க்கரை, வெண்ணெய் மூன்றையும் விரல் நுனியால் உதிர்த்தாள். பாகில் கொதிநீரும் சோடாவும் விட்டதும் நுரைத்துப் பொங்கியது.

"பாத்தியா, இங்கதான் நீ அவசரப்படுவே. பள்ளிக்கூடத்துல அத்தனை பொறுமை, அடுப்படியில ஒரு துளி கிடையாது."

வெந்ததும் நான் எடுக்கிறேன் என்றேன். கேட்கவில்லை. "நான் செஞ்சது, நான்தான் எடுப்பேன்." எடுத்தாள். மேசையை எட்டுவதற்குள் தட்டு சரிந்தது.

"அக்கா, புடி!"

என் கைகள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. நான் அனுப்பவில்லை. தாமாகவே போயின.

தகரத் தட்டு விழுந்த சத்தம் —

பாகு ஏமஸ் வெட்டிய அன்று போலவே ஓடியது. வழித்து நக்கத்தான் யாரும் இல்லை.

"பழகிப்போச்சு உனக்கு," என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

அக்டோபர் 8

கழுவிய பிறகும் தரை காலில் ஒட்டுகிறது.

அக்டோபர் 10, வெள்ளி

பெனுவல் வந்து அவளிடம் கெஞ்சினான். "சபை முன்னால மண்டிபோட்டு ஒரு வார்த்தை சொல்லிடு. எல்லாம் முடிஞ்சுது."

"என்ன வார்த்தை? அவரைக் கட்டிக்கிட்டது தப்புன்னா? அதைத்தானேடா என்னால சொல்ல முடியல."

விதி தவறு என்று எழுத வரவில்லை. அதற்குள்தான் வளர்ந்தேன். வழி தப்பியவளைத் திரும்ப அழைப்பதற்குத்தான் விலக்கு என்று பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆனா இவ எங்க திரும்பி வர்றது? கட்டில்லேர்ந்து மேசைக்கு வரவே முடியல. நாம யாரைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கோம்?

அக்டோபர் 11, சனி

நானே செய்தேன். லவீனா ஒரு வாய் தின்றாள்.

"சாக்பீஸ் மாதிரி இருக்கு. நீயே தின்னு பாரு." முள்கரண்டியை இடைவெளிக்கு மேலாக நீட்டினாள்.

வாய் திறந்தேன். சாக்பீஸ் மாதிரிதான் இருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

சபையார் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு முந்தைய கூட்டம். பெண்கள் வரிசையில் பெனுவல் ஒவ்வொருவரிடமும் குனிந்து, மனதில் சமாதானம் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தான். என் முறை.

"அவ கையால சாப்பிட்டேன். இன்னமும் சாப்பிடுவேன்."

அவன் முகம் — வேண்டாம், அதை எழுதவில்லை.

அக்டோபர் 15, புதன்

சபைத் தலைவரான ஆயரும் பெனுவலும் வந்தார்கள். ஆயர் என்னிடம் படித்தவர்.

"இனிமே செய்ய மாட்டேன்னு ஒரு வாக்குக் குடுங்க டீச்சர். அது போதும்."

"காப்பாத்த முடியாத வாக்கைக் குடுக்காதேன்னு உனக்கு யார் சொல்லிக்குடுத்தது?"

தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது. சின்ன வயதில் கணக்கு வராதபோதும் இப்படித்தான் நிற்பார்.

அக்டோபர் 26, ஞாயிறு

வாக்குக் கொடுக்கும்வரை நானும் விலக்கில். திருவிருந்து தொடங்குமுன் எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன்.

வீட்டுக்கு வந்து என் தட்டைச் சின்ன மேசையில் வைத்தேன். விலக்கில் இருக்கிற இரண்டு பேர் ஒரே மேசையில் உட்காரத் தடை இல்லையே. லவீனா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அடிப்பாவி! டீச்சரையே பெஞ்சு மேல ஏத்திட்டாங்களா?" தன் தட்டை நகர்த்தி இடம் விட்டாள். பிறகு, "தள்ளி உக்காருக்கா, முழங்கை இடிக்குது."

நான் தள்ளி உட்காரவில்லை.

நவம்பர் 9

காலையில் லவீனா போய்விட்டாள். அவள் கை என் கையில் இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

நேற்று அடக்கம். இன்று பெனுவல் வந்தான்.

"இனி யாருக்காகக்கா? வாக்குக் குடுத்துட்டு வந்துடு."

கொடுப்பேன். இப்போது அது காப்பாற்றக்கூடிய வாக்கு. அதுதான் தாங்கவில்லை.

அடுப்பிலிருந்து ஷூஃப்ளையை எடுத்துத் திரும்பினேன். எதிரே அவன். வாங்கிக்கொள்ள அவன் கைகள் பாதிவரை எழுந்து அங்கேயே நின்றன. அவற்றுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்று தட்டை நானே மேசையில் வைத்தேன். அவன் பெரிய மேசையில் உட்கார்ந்தான், நான் சின்ன மேசையில். நடுவே விரிப்பு லேசாகத் தொய்ந்திருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

என்றாவது இதைப் படிக்கிற பிள்ளைக்கு: வெந்ததும் வெட்டாதே. ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திரு.