அண்ணன் கேட்ட ஆக்ஸில்

12 ஜூலை 1961, புதன்

அண்ணனின் வேனுக்கு இன்று வேறு ஆக்ஸில் போட்டு முடித்தார்கள். தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும்போது முன்சக்கரம் ஒடிந்து, வண்டி கரையிலிருந்து உருண்டதில்தான் அண்ணன் போனான். அப்போது முன்சக்கரங்கள் தனித்தனியாக நின்றன. இப்போது பழைய ஜீப்பில் கழற்றிய ஒரே இரும்புத் தண்டு இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

மெக்கானிக் சூசை வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து, பழக்கத்தில் வீட்டைப் பார்த்து, "எலுமிச்சம்பழம் கொண்டாங்கம்மா, சக்கரத்துக்கு வைக்கணும்" என்றார். கணவனை இழந்தவளிடம் கேட்டுவிட்டோமே என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் அண்ணி இரண்டு பழங்களுடன் வாசலுக்கு வந்துவிட்டாள். அண்ணன் போன பிறகு அவள் தெருப்பக்கம் வந்தது இன்றுதான்.

குனிந்து ஆக்ஸிலைப் பார்த்தாள். "இது அப்பவே இருந்திருந்தா ஒடிஞ்சிருக்குமாண்ணே?"

"பாரம் அப்படி, தங்கச்சி. எதைப் போட்டாலும் ஒடிஞ்சிருக்கும்." சூசை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"ஒடிஞ்சிருக்காது" என்றார் அப்பா. "இதைப் போடணும்னு பொங்கலுக்கே கேட்டான். ஓடுற வண்டியை எதுக்குப் பிரிக்கணும்னு நான்தான் தடுத்தேன்."

அண்ணி பழங்களை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன்பின் வண்டியை யாரும் எடுக்கவில்லை.

இரவு அப்பாவுக்கு அவள்தான் சோறு போட்டாள். எப்போதும் "மோர் ஊத்தவா மாமா?" என்று அவளே கேட்பாள். இன்று என்னைக் கேட்கச் சொன்னாள். அப்பாவும் வேண்டாம் என்று என்னிடமே சொன்னார்.