விறைத்து நின்ற விண்டோ

மகனே,

நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு டீச்சரம்மா எழுதுகிறார். கம்ப்யூட்டர் படிப்பை விட்டுவிட்டு ஓசூருக்கே உன்னிடம் வந்துவிடும்படி மருமகள் எஸ்தரிடம் சொல்லச் சொன்னாய். சொல்லத்தான் போனேன்.

அவள் கம்ப்யூட்டரில் எழுதிச் செய்த விண்டோவில் பட்டனை அமுக்கினால் எல்லாம் வெளுத்து விறைத்து நின்றது. மறுநாள் வைட்ஃபீல்டு கம்பெனியில் வேலை கேட்க அதைத்தான் காட்டவேண்டும். வெறித்துப் பார்த்தவள் திடீரென்று சிரித்தாள்.

"மாமா, பட்டனை அமுக்கிக் கூப்பிட்டா பதில் சொல்ற ஆளையே, கனமான கணக்கு மூட்டையத் தூக்க அனுப்பிட்டேன்!"

மூட்டைக்கு வேறு ஆளை வைத்து, புரோகிராமை மாற்றி எழுதினாள். அமுக்கினாள். பின்னால் வேலை ஓடுது, முன்னால் விண்டோ சொன்னபடி அசையுது!

நான் வேலை பார்த்த கோலார் சுரங்கத்தில் மேலே கூண்டு இழுப்பவர் வேறு வேலை எதுவும் தொடாமல், கீழிருந்து நாங்கள் அடிக்கும் மணிக்காகவே உட்கார்ந்திருப்பார். அதனால்தான் உயிரோடு ஏறி வந்தோம். இதை நான் அவளுக்குச் சொன்னதே இல்லையடா, அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

நீ சொல்லச் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. வேண்டுமானால் நீயே வந்து சொல். கதவை மெல்லத் தட்டு, வேலையில் இருப்பாள்.

உன் அப்பா