நம்ம கடைக்கும் சேதி சொல்லிட்டேன்

கோகி, என் புள்ள, கொஞ்சம் உக்காந்து கேளு.

நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, ஒரு நாள் மத்தியானம் மூணு நாப்பதுக்கு உங்கண்ணன் முருகேசன் மச்சான் போன் பண்ணார். நான் ஹூட்டகள்ளி ஃபேக்டரியில ஒரு பிரஷர் மீட்டர் சரியாக் காட்டுதான்னு சோதிச்சுட்டு இருந்தேன். தலைவலின்னு படுத்தவ எந்திரிக்கவே இல்ல மாப்ள, நம்ம கோகிலா செத்துப் போயிட்டான்னு சொன்னார். நான் "சரி மச்சான்"னு சொன்னேன். போனை வெச்சுட்டு அந்த மீட்டரோட கடைசி ரீடிங்கையும் எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டினேன். பக்கத்துல இருந்தவங்களுக்கு ஒண்ணுமே தெரியல. எனக்கும் தெரியல.

அன்னைக்கு சாயந்திரம் ஃபிரண்டு ஒருத்தன் கார்ல மார்டள்ளிக்கு, உங்க வீட்டுக்கு, வந்துட்டு இருந்தோம். நரசீபுரம் தாண்டறப்ப போன் டிங்குன்னுச்சு. பாத்தா, இங்கிலாந்துல யாரோ ஒருத்தர் நம்ம கடைக்கு அஞ்சு ஸ்டார் போட்டிருக்கார். சிப்ஸ் மொறுமொறுன்னு இருந்துச்சாம், பீரும் நல்லா இருந்துச்சாம், மறுபடி வருவாராம். சேதி போகாத எடம் ஒண்ணு இன்னும் இருக்குன்னு எனக்கு அப்பதான் உறைச்சுது.

இதப் படிக்கிறவங்களுக்கு நம்ம கடை எதுன்னு சொல்லிடறேன், கோவிச்சுக்காத.

இங்கிலாந்துல ஒரு சின்ன ஊர்ல இருக்கற பழைய பப் அது. தலையில இடிக்கிற மாதிரி கூரை, கணப்பு அடுப்பு, சாயந்திரமானா ஊர்க்காரங்க வந்து ஆளுக்கு ஒரு கிளாஸை முன்னாடி வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. ஓனர் பேரு டெரெக். வந்து போறவங்க இன்டர்நெட்ல எழுதற கருத்துக்கெல்லாம் பதில் எழுதறது உன் வேலை. முன்னாடி நிறைய ஹோட்டலுக்கு இப்படி எழுதற ஒரு ஆபீஸ்ல இருந்த. அவங்க அந்த வேலைய நிறுத்தினப்ப டெரெக் மட்டும் உன்ன விடல, "நீயே எழுதும்மா"ன்னுட்டார். விஜயநகர் மாடி வீட்டு ஜன்னலோரம், மடியில லேப்டாப். ஒவ்வொரு பதிலுக்குக் கீழயும் "அன்புடன், கடைக்காரர்கள்"னு போடுவ. எழுதறது மைசூர்ல இருக்கற நீதான்னு டெரெக்கைத் தவிர அங்க யாருக்கும் தெரியாது.

இங்க உங்க வீட்டுக்கும் தெரியாது. ஏதோ வெளிநாட்டு ஓட்டல் வேலைன்னு சொல்லி வெச்சிருந்த. "சாராயக்கடைக்கு எழுதறேன்னு தெரிஞ்சா எங்கப்பா என்னைய மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிட்டுப் போயி மொட்டை போட்டுருவாருங்க"ன்னு சிரிப்ப. பீரோட வாசனைகூடத் தெரியாது உனக்கு. ஆனா அந்தக் கடையில எந்த மேஜை ஆடும்னு தெரியும். எந்த ஜன்னல் சாத்தாதுன்னு தெரியும்.

கடையில வளர்ற அந்த நாய் விஷயம் ஞாபகம் இருக்கா? "நாய் என் கால் மேலயே படுத்திருந்துச்சு, எந்திரிக்கவே விடல"ன்னு ஒருத்தர் எழுதினார். நீ பதறிப்போயி, "மன்னிச்சுக்கங்க, இனிமே நாயை வெளிய கட்டி வெக்கிறோம்"னு எழுதிட்ட. சோறு திங்கற எடத்துல நாயான்னு நானும் உன்கூட சேந்துதான் கோவப்பட்டேன். மறுநாள் விடியறதுக்குள்ள அந்த ஊரே சண்டைக்கு வந்துருச்சு. நாயைக் கட்டினா நாங்க வர மாட்டோம்னு ஒருத்தர். நாங்க வர்றதே நாய்க்காகத்தான், டெரெக்குக்காக இல்லன்னு இன்னொருத்தர். முதல்ல எழுதினவரே, ஐயோ, நான் புகழ்ந்துல்ல எழுதினேன்னு கெஞ்சறார். நீ தலையில கைய வெச்சுட்டு உக்காந்துட்ட. "ஏனுங்க, இவங்க வெய்யறதும் ஒரே மாதிரி இருக்குது, புகழறதும் ஒரே மாதிரி இருக்குது. நான் என்னத்தப் பண்றது?" டெரெக்குக்கு போன் பண்ணி அழுதே போட்ட. அவர் சிரிச்ச சிரிப்பு எனக்கு சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு.

இன்னொருத்தர், "ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன், யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல"ன்னு எழுதி அஞ்சு ஸ்டார் குடுத்திருந்தார். பேசலைன்னா அது குறைதானுங்க, அதுக்கு எதுக்கு அஞ்சுன்னு கேட்ட. அன்னைக்கு எனக்கும் தெரியல.

இப்ப தெரியுது. காரியம் முடிஞ்சு மைசூர் வந்ததுலேர்ந்து எல்லாரும் என்கிட்ட பேசறாங்க. கீழ் வீட்டு சாவித்ரம்மா மூணு வேளையும் படி ஏறி வந்து "ஊட்டா ஆய்தா தினேஷா?"ன்னு கேக்கறாங்க. சாப்பிட்டேன்னு சொன்னா நம்பாம பாத்திரத்தத் தொறந்து பாக்கறாங்க. சூப்பர்வைசர் தோள்ல கைய வெச்சு "எல்லா சரி ஆகத்தே"ன்னு, எல்லாம் சரியாயிரும்ங்கறார். நல்ல மனுசங்க கோகி. ஆனா ஒருத்தராவது ஒண்ணும் பேசாம பக்கத்துல வந்து சும்மா உக்காந்தா, நானும் அஞ்சு ஸ்டார் குடுப்பேன்.

டோரீன் அம்மாவப் பத்தி எழுதாம எப்படி? ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடையில சாப்பிடுவாங்க, திங்கக்கிழமை கருத்து எழுதுவாங்க. தனி ஆள். எப்பவும் மூணு ஸ்டார். கறி மேல ஊத்தற கிரேவி தண்ணியா இருக்கு. அதுதான் புகார், வாரா வாரம்.

"புடிக்கலைன்னா இந்தம்மா எதுக்கு வருது?"ன்னு நான் கேட்டப்ப நீ பாத்த பார்வை! "புடிக்காதவங்க சொல்லாமலே எந்திரிச்சுப் போயிருவாங்க. குறை சொல்றவங்கதான் மறுவாரம் வருவாங்க. பந்தியில எங்க பெரியப்பனப் பாத்திருக்கறீங்கல்ல? ரசத்துல உப்பு இல்லம்பாரு, மூணு தடவ வாங்கிக் குடிப்பாரு."

ஒரு வாரம் அந்தம்மா கிரேவிக்கு நடுவுல, படி ஏறினா முழங்கால் வலிக்குதுன்னு ஒரு வரி எழுதிட்டாங்க. நீ அதப் புடிச்சுக்கிட்ட. அடுத்த வாரம், கிரேவிக்கு மன்னிப்பு, முழங்கால் எப்படி இருக்குன்னு எழுதின. அதுக்கடுத்த வாரம், சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தீங்களா? விளக்கெண்ணெய் வைத்தியம் எழுதப் போனப்ப நான்தான் லேப்டாப்பைப் புடுங்கி வெச்சேன்.

நீ போன பிறகு அவங்க எழுதினாங்க. கிரேவி தண்ணி. முழங்கால் அப்படியேதான் இருக்கு. கீழ பதில் எழுதற எடம் காலியா இருந்துச்சு. உன் லாகின் என் போன்லயும் இருந்துச்சு. என் கை எழுதிருச்சு கோகி. "கிரேவியின் அடர்த்தி குறித்த தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. முழங்காலின் நிலவரம் குறித்துக்கொள்ளப்பட்டது. நன்றி." இங்கிலீஷ்ல இப்படித்தான் இருந்துச்சு. சர்வீஸ் ரிப்போர்ட் எழுதற கைக்கு வேற என்ன வரும்? கீழ உன்ன மாதிரியே "கடைக்காரர்கள்"னு போட்டேன். அதுலேர்ந்து வந்த எல்லாத்துக்கும் நானே எழுதினேன். டெரெக்குக்குக்கூட சொல்லல.

ஏன்னு கேக்கறியா? கேஸ் சிலிண்டர் உன் பேர்ல இருந்துச்சு, போயி சொன்னேன். பேங்க்ல சொன்னேன். தையக்காரம்மா உன் பிளவுஸ் ரெடின்னு கூப்பிட்டாங்க, அவங்ககிட்டயும் சொன்னேன். ஒவ்வொரு தடவ சொல்றப்பவும் நீ இன்னொரு தடவ செத்துப்போற. அந்தக் கடையில மட்டும்தான் நீ சாகல. அங்கயும் சொல்லிட்டா உனக்குன்னு எடமே இல்லாமப் போயிரும்னு தோணுச்சு.

அங்க சும்மா இருப்பாங்களா? "சாப்பாடு அருமை. ஆனா பதில் எழுதறவருக்கு என்ன ஆச்சு? கரெண்ட் பில் கட்டலைன்னு வர்ற நோட்டீஸ் மாதிரி இருக்கு"ன்னு ஒருத்தர் எழுதினார். "நாய் இதவிடப் பாசமா பதில் சொல்லும்"னு இன்னொருத்தர். சத்தமா சிரிச்சுட்டேன். நீ போனதுக்கப்புறம் முதல் தடவ. சிரிச்சு முடிச்சு, உனக்குப் படிச்சுக் காட்டலாம்னு திரும்பினேன்.

அப்புறம் டோரீன் எழுதினாங்க. ஒரே ஒரு ஸ்டார். "இந்த வாரம் கிரேவியப் பத்திப் பேச வரல. பதில் எழுதற பொண்ணு எங்க? வேலைய விட்டுட்டாளா, உடம்பு சரியில்லையா? கொஞ்ச நாளா என் முழங்காலை யாரும் கேக்கறதில்ல."

அதுக்கு என்னால ஒரு எழுத்து அடிக்க முடியல. எடுப்பேன், படிப்பேன், வெச்சிருவேன்.

அந்த வாரக் கடைசியில முருகேசன் மச்சான் வந்தார். புளியும் கேழ்வரகு மாவும் உங்கம்மா குடுத்தனுப்பிச்சிருந்தாங்க. நான் போனைக் கையில வெச்சுட்டு உக்காந்திருக்கறதப் பாத்துட்டார்.

"என்னங்க மாப்ள, லீவு நாள்லயும் ஆபீஸ் வேலைங்களா?"

"என் வேலை இல்ல மச்சான். கோகி வேலை."

எல்லாத்தையும் சொன்னேன். உன் பதிலுங்களப் படிச்சுத் தமிழ்ல சொன்னேன். ரொம்ப நேரம் அந்தப் பப்போட போட்டோவையே பாத்துட்டு இருந்தார்.

"இது சாராயக்கடைங்களா?"

"சாப்பாடும் போடுவாங்க மச்சான்."

"அடி கழுத! அப்பன்கிட்ட ஓட்டல்னு சொல்லிப்போட்டு!" சிரிச்சார். சிரிக்கறப்பவே கண்ணு நெறஞ்சிருச்சு. "கடைசியா இந்தம்மா என்ன எழுதியிருக்குது?"

"கோகி எங்கன்னு கேக்கறாங்க. நான் இன்னும் சொல்லல."

"சொல்லலைங்களா?" அவர் குரலே மாறிருச்சு. "என்ன மாப்ள இது? நம்ம பக்கம் ஒரு சாவுன்னா வீட்டுக்கு வீடு ஆள் போயிச் சொல்லோணும். ஒரு வீட்ட விட்டாலும் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. எங்க அத்தை ஒருத்தி, போன்லதான சொன்னீங்க, ஆள் வரலையேன்னு இன்னும் எங்க வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கறதில்ல. இந்தம்மா வாயத் தொறந்து கேக்குது. கேக்கறவங்களுக்குச் சொல்லாம இருக்கலாங்களா?"

"சொல்லிட்டா அங்கயும் அவ இல்லன்னு ஆயிரும் மச்சான்."

எந்திரிச்சுப் போயி தண்ணி மோந்துட்டு வந்து எனக்கொரு டம்ளர் குடுத்தார். அப்புறம்தான் சொன்னார். "மார்டள்ளியில நாந்தான் வீடு வீடாப் போனேன். எனக்கு மட்டும் சொல்ல வாய் வந்துச்சுங்களா மாப்ள?"

எனக்கு மூணு நாப்பதுக்கு வந்த போனும் அவர் பண்ணதுதான். அத நான் அதுவரைக்கும் யோசிச்சே பாக்கல. அவர் வாய் எப்படி வந்துச்சு?

முதல்ல டெரெக்குக்கு போன் பண்ணேன். கடைச் சத்தத்துக்கு நடுவுல அவர்கிட்ட சேதிய சொன்னேன். டோரீனுக்கு நான் நடுவுல வந்து சொல்றது சரியில்ல, அவங்களுக்கு நீயே எழுதுப்பான்னார். எழுதினேன்.

"டோரீன் அம்மா, உங்களுக்குப் பதில் எழுதிட்டு இருந்தது என் மனைவி கோகிலா. இந்தியாவுல மைசூர்ல இருந்து எழுதினா. உங்க ஊர் கடைய அவ பாத்ததே இல்ல. அவ இறந்துட்டா. இப்ப கொஞ்ச நாளா எழுதினது நான். எனக்கு அவ மாதிரி வராது. நேர்ல வந்து சொல்ல வேண்டியது, முடியல, மன்னிச்சுக்கங்க. முழங்கால் எப்படி இருக்கு?"

மச்சான் அத ரெண்டு தடவ தமிழ்ல சொல்லச் சொல்லிக் கேட்டார். "பேரச் சொல்லிட்டீங்க. சரியா இருக்குது, அனுப்புங்க"ன்னார். அனுப்பினேன். அப்புறம் நான் அழுத அழுகைக்கு சாவித்ரம்மா மேல ஓடி வந்துட்டாங்க. மச்சான் வாசல்லயே நின்னு, "அழுவட்டும்மா, விடுங்க"ன்னு அவங்களத் திருப்பி அனுப்பிச்சார்.

எல்லாரும் நல்லவிதமா எடுத்துக்கிட்டாங்கன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். இத்தன நாளும் எங்கயோ இருந்து யாரோ எழுதினதா, இது ஏமாத்து வேலைன்னு ஒருத்தர் ஒரு ஸ்டார் போட்டார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. நாலஞ்சு பேர் சும்மா உன் பேர மட்டும் எழுதியிருந்தாங்க. எழுத்துக்கூட்டி, ஆளுக்கொரு விதமா.

திங்கக்கிழமை டோரீன் அம்மாது வந்துச்சு. மூணு ஸ்டார். அப்படியே சொல்றேன்.

"அவ இந்த ஊர்க்காரி இல்லைன்னு எனக்கு எப்பவோ தெரியும். இங்க எந்தப் பொம்பளையும் என் முழங்காலை ரெண்டாவது தடவ கேக்க மாட்டா. நேத்து நான் மேஜை மேஜையாப் போயி எல்லாருக்கும் சொன்னேன். இதெல்லாம் படிக்காதவங்களும் இங்க வர்றாங்க, அவங்களுக்கும் தெரியணும் இல்லையா? சில பேருக்குக் காது கேக்காது, ரெண்டு தடவ சொல்ல வேண்டியிருந்துச்சு. முழங்கால் இப்ப மோசம்தான். கிரேவியும் தண்ணிதான். உங்க மனைவிக்கு என் வணக்கம்."

மச்சானுக்கு போன் போட்டுப் படிச்சேன். வெள்ளாமைக் காட்டுல இருந்தார், மோட்டார் ஓடற சத்தம் கேட்டுச்சு. அத நிறுத்திட்டு வந்து மறுபடி படிக்கச் சொன்னார்.

"மேஜை மேஜையாவுங்களா? அந்தக் காலோடயா?"

"ஆமா மச்சான்."

"மொறை தெரிஞ்ச அம்மா, மாப்ள."

அவ்வளவுதான் சொன்னார். மறுபடி மோட்டாரைப் போடற சத்தம் கேட்டுச்சு.

கோகி, லாகினை டெரெக்கோட பொண்ணுகிட்ட குடுத்துட்டேன், இனி அவ எழுதுவா. எப்படி எழுதணும்னு என்னைக் கேட்டா. என்னைப் போயி! டோரீன் அம்மாவுக்கு மட்டும் லேட் பண்ணாதம்மான்னு சொன்னேன்.

உனக்கு ஒரு வாக்கு தர்றேன். இனி உன் பேர்ல நான் ஒரு வரியும் எழுத மாட்டேன். உன்ன யாரு எங்க கேட்டாலும், வாய் வந்தாலும் வராட்டியும், நானே சொல்லுவேன். பேரச் சொல்லித்தான் சொல்லுவேன். இந்தக் கடுதாசியும் அதுக்குத்தான், இன்னும் சேதி போகாதவங்க யாராவது இருந்தா தெரிஞ்சுக்கட்டும்னு. என் கன்னட மீடியம் தமிழுக்கு நீ எத்தன ஸ்டார் போடுவியோ, போடு.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. இங்க பொழுது சாயுது. அங்க இப்பதான் சாப்பிட்டு எந்திரிச்சிருப்பாங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல கருத்து ஒண்ணொண்ணா வர ஆரம்பிக்கும். என் போன்ல அந்த டிங் சத்தத்த நிறுத்தறது எனக்கு ஒரு நிமிச வேலை, இத்தன நாளா மனசு வரல. யாரு என்ன எழுதினாலும் அந்தப் பொண்ணு பாத்துக்குவா. நான் இங்க ஜன்னலோரம் உக்காந்திருக்கேன். போனை அணைச்சுட்டேன்.

உன் வீட்டுக்காரன்,
தினேஷ்