ஆபீசர் ஹாஸிமின் கோழி

ஜூன் 9, ஞாயிறு

மூன்று மணிக்குக் கரண்ட் போனது. தர்பூசணி வாங்கலாம் என்று கீழே இறங்கினேன். பழக்கடை ஜெய்ன்ஹும் என்னைக் கண்டதும் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். "ஆபீசர், நிலைமை கட்டுக்குள்ளதானே இருக்கு?" கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பழம் வாங்காமலே திரும்பிவிட்டேன்.

முப்பத்தாறு வருஷமாக இதேதான். மேடையில் ராஜாக்களாக நின்றவன் நான். கெய்ரோவில் எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு அடிதடிப் படம்: 'ஆபீசர் ஹாஸிமின் சபதம்'. ஒரு கோழித் திருடனைப் பிடிக்க ஒரு தெருவையே இடித்துத் தள்ளும் போலீஸ்காரன் வேஷம். ஒவ்வொரு சுவர் விழுந்ததும், "பதற வேண்டாம், நிலைமை கட்டுக்குள் இருக்கிறது" என்பான். முதல் காட்சியிலேயே ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இடைவேளையில் எழுந்து வந்தவன்தான். பிறகு அந்தப் படத்தையும் பார்க்கவில்லை, அதை எடுத்த லுத்ஃபியின் முகத்தையும் பார்க்கவில்லை.

ஜூன் 11

போனில் ரிஹாம் என்று ஒரு சின்னப் பெண். திரைப்படச் சங்கமாம். 27ஆம் தேதி அந்தப் படத்தைப் போடுகிறார்களாம். லுத்ஃபியும் வருகிறானாம்.

"அந்தக் காலத்துல இப்படி ஒரு அரசியல் நையாண்டி எப்படி வெளிய வந்துச்சு? நீங்கதான் ஸார் வந்து சொல்லணும்."

"நையாண்டியா? அது சண்டைப் படம்மா."

அவள் கலகலவென்று சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துவிட்டாள்.

போகப் போவதில்லை.

ஜூன் 13

மனைவி இன்ஸாஃப் விடவில்லை. "முழுசாப் பார்க்காமலே இத்தனை வருஷமா முறைச்சுக்கிட்டு இருக்கீங்க. பார்த்துட்டு முறைங்களேன்." மகளின் லேப்டாப்பில் போட்டுவிட்டு, என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பார்த்தேன். ஹாஸிம் திருடனைப் பற்றி விசாரிக்கிறான். பதில் சொன்னவனைக் கைது செய்கிறான், சொல்லாதவனையும் கைது செய்கிறான். இதை நான் எப்படிக் கவனிக்காமல் நடித்தேன்? கடைசியில் முழங்குகிறான் — "இனி இந்தத் தெருவில் யாரும் பயப்பட வேண்டாம்!" தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் சிறையில். அவன் முதுகுக்குப் பின்னால், காணாமல் போன கோழி சாவகாசமாக நடந்து போகிறது. அதை யாரும் திருடவே இல்லை.

இன்ஸாஃப் கண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அப்படியானால் அந்தப் படத்தில் நான் யார்? கோழியா?

ஜூன் 14

லுத்ஃபிக்குப் போன் செய்தேன்.

"வஜ்தியா? உயிரோடதான் இருக்கியா?"

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா உன் கண்ணு சிரிச்சிருக்கும். தணிக்கைக்கு வந்த பெரிய மனுஷன் அந்தக் கடைசிப் பேச்சுல அழுதுட்டாருடா. அவரு கோழியைப் பார்க்கவே இல்ல, உன் மூஞ்சியத்தான் பார்த்தாரு. நீ ஒரு தடவை கண்ணடிச்சிருந்தா நான் உள்ள போயிருப்பேன்."

"தெரு ஏன் காலியா இருக்குன்னு கேட்டப்ப, கூட்டத்துக்குக் காசில்லன்னு சொன்னியே?"

"அறுபது பேரு வந்திருந்தாங்க. சுவருக்குப் பின்னாடி உட்கார வெச்சு வடை வாங்கிக் குடுத்தேன்."

அந்த எண்ணெய் வாசனை எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. கொலைப்பசியோடுதான் அந்தக் கடைசி வசனத்தைப் பேசினேன். ஜனங்கள் மேல் இருந்த அக்கறையில் குரல் நடுங்கியது என்று அப்போது எல்லோரும் புகழ்ந்தார்கள்.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு போனை வைத்தேன்.

ஜூன் 20

படத்தில் ஹாஸிம் முட்டாள். நடித்தவனுமா? இன்ஸாஃபிடம் கேட்டேன். "தெரியல. ஆனா அழகா இருந்தீங்க" என்றாள்.

ஜூன் 27, வியாழன்

போனேன். அரங்கு நிறைய இளசுகள். லுத்ஃபி கைத்தடியோடு எனக்குப் பக்கத்தில். கிழண்டு போயிருக்கிறான். நான் மட்டும் என்னவாம்.

ஹாஸிமின் வசனத்தை அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பக்கத்து சீட்டுப் பையன் சொன்னான்: "ரொட்டி விலை ஏறினா எங்கம்மா இதைத்தான் சொல்வாங்க." என்னைக் கேலி செய்கிறார்கள் என்று இத்தனை வருஷம் தெரு மாறி மாறி நடந்தேனே. வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்ல அவர்களுக்கு என் வாய் உதவியிருக்கிறது.

படம் முடிந்ததும் ரிஹாம் கேட்டாள்: "வஜ்தி ஸார், உங்களுக்கு அப்பவே எல்லாம் தெரியுமா?"

லுத்ஃபி மைக்கைப் பிடுங்கினான். "தெரியுமாவா? அந்தக் கோழி யோசனையே இவனோடதுதான்."

பச்சைப் பொய். எனக்காக. சும்மா தலையாட்டியிருந்தால் போதும், அத்தனை வருஷ அவமானமும் துடைத்தாற்போல் போயிருக்கும். ஆசையாகத்தான் இருந்தது.

"பொய் சொல்றான்" என்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சிருந்தா கெடுத்திருப்பேன். சொல்லாம விட்டதுக்கு இவனுக்கு நான் இன்னும் நன்றி சொல்லல."

எழுந்து நின்று கை தட்டினார்கள். லுத்ஃபி என் கையைப் பிடித்தவன் கார் வரும்வரை விடவில்லை.

ஜூலை 3

கரண்ட் போனது. கீழே இறங்கினேன். ஜெய்ன்ஹும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் விறைத்து நின்று சல்யூட் வைத்தேன். "பதற வேண்டாம். நிலைமை கட்டுக்குள் இருக்கிறது."

முகத்தில் துளி சிரிப்பில்லை. அந்த நடிப்பெல்லாம் மறக்கவில்லை.

ஜெய்ன்ஹும் பெட்டி மேலிருந்து சரிந்து விழாத குறை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்து, கத்தி போட்டுக் காட்டினான். செக்கச்செவேல் என்று இருந்தது. பாதியை லுத்ஃபிக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், சாயங்காலம் வருகிறான்.