பேட்டரி இறங்கிய காரணம்

கெலமங்கலம்
12.11.1988

அன்பு மகள் மஞ்சுளாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் பிலாயில் சுகமாக இருப்பதை உன் கடிதத்தில் பார்த்தோம், அப்படியே இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மனசுக்கு எப்படி என்று கேட்டால் அதற்குத்தான் இந்தக் கடிதம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு. மாப்பிள்ளை நைட் ஷிப்ட் முடிந்து வந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார் என்று எழுதியிருந்தாய், சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவர், ஆனாலும் நான் சொன்னேன் என்று சொல். ராகி இந்த வருஷம் சுமார்தான். மழை வேண்டியபோது வரவில்லை, கதிர் முற்றுகிற நேரத்தில் வந்து கொட்டியது. தக்காளியும் பீன்ஸும் பரவாயில்லை, வண்டிக்கு லோடு கிடைக்கிறது. வண்டி கிளம்பினால்தானே லோடு, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நம் பிக்கப் வண்டி பழசு என்பது உனக்குத் தெரியாததில்லை, உன் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு வந்ததும் அதுதான். ஆனாலும் அது இப்படி என் மானத்தை வாங்கியதில்லை. உன் தம்பி ஆஞ்சி போய், காரியம் முடிந்து, நீயும் ரயில் ஏறிப் போன பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. தினமும் ஓடினால் எப்படியோ சமாளிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் நின்றதோ, திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தோட்டக்காரர்கள் கூடையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், நானும் டிரைவர் வெங்கடப்பனும் வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்போம். பெங்களூர் மார்க்கெட்டுக்கு நேரத்தோடு போகாத தக்காளியை யார் வாங்குவார்கள். ரெண்டு தோட்டக்காரர்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்கப்புறம் வண்டியை நம் வீட்டுக்கு மேலே இருக்கிற சரிவில் கல் வைத்து நிறுத்தி, காலையில் உருட்டிவிட்டே கிளப்பினோம். ஓசூரில் பேட்டரி கடைக்காரனிடம் ஓட்டிக்கொண்டு போனேன், அவன் வண்டியிலேயே வைத்துப் பார்த்துவிட்டு, பேட்டரி மேல தப்பில்லீங்க, வண்டிதான் எங்கியோ கரண்டைக் குடிக்குது என்றான். டைனமோ வேலை செய்கிறது, வண்டி நின்றதும் டைனமோவைப் பேட்டரியிலிருந்து பிரிக்கிற கட்டவுட்டும் ஒட்டிக்கொள்ளவில்லை, பின்னே யார் குடிப்பது. எனக்கு வெங்கடப்பன் மேல் சந்தேகம் வந்தது. லைட்டைப் போட்டுவிட்டு மறந்து போகிறான், இல்லாவிட்டால் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். தோட்டக்காரர்கள் முன்னாலேயே வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன், எல்லாம் என் தப்புன்னே வெச்சுக்கங்கண்ணா என்று சாவியை பானட் மேல் வைத்துவிட்டுத் தொரப்பள்ளிக்கு நடையைக் கட்டிவிட்டான். ஆஞ்சியைத் தூக்கி வண்டியில் வைத்தவன் அவன், அவனை அப்படி அனுப்பினேன். உன் அம்மா அன்றைக்கு எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். கடைக்காரன் சொல்லிக் கொடுத்த வழிதான், கஷ்டமில்லை. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினேன். கழற்றிய இடத்தில் ஒரு சின்ன பல்பை நடுவில் கொடுத்தேன். வண்டி எதையும் குடிக்கவில்லை என்றால் அந்த பல்பு எரியக் கூடாது. அது எரிந்தது, மங்கலாகத்தான், ஆனால் எரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், திருடன் உள்ளேதான் இருக்கிறான் என்று. ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஹாரன் போச்சு, ஹெட்லைட் போச்சு, வைப்பர் போச்சு, பல்பு அப்படியே எரிகிறது. டைனமோ ஒயரைக் கழற்றினேன், அப்போதும் எரிகிறது. பிறகு பேட்டரியையே உற்றுப் பார்த்தால், பாசிட்டிவ் முனையில் பெரிய கம்பிக்கு அடியில் மெல்லிசாக ஒரு கறுப்பு ஒயர், ஃபியூஸும் கிடையாது, சுவிட்சும் கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கிற தகரத்து ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து, மிதியடிக்கு அடியில் ஓடி, சீட்டுக்குப் பின்னால் போகிறது. அந்த இடுக்கில் கை விடுகிற வேலை எனக்கு இதுவரை வந்ததில்லை. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் பூசிய ஒரு சின்னப் பலகை, அதில் குங்குமம், காய்ந்த சாமந்தி, நடுவில் சிவப்புக் கண்ணாடி போட்ட பல்பு மினுக் மினுக்கென்று எரிகிறது. பக்கத்தில் ஆஞ்சியின் கைக்கடிகாரம்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே உன் அம்மா பின்னால் வந்துவிட்டாள். அவள் பலகையைப் பார்க்கவில்லை. கழற்றிக் கிடந்த நெகட்டிவ் கம்பியைத்தான் பார்த்தாள். பார்த்தவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உனக்கு நினைவிருக்கும், ஆஞ்சியைக் கிடத்தியிருந்த நடுவீட்டில் காரியம் வரைக்கும் விளக்கு வைத்தோம். அன்றைக்கே அவள், உசுரு போன எடத்துல வெக்காம பொணம் கெடந்த எடத்துல வெச்சீங்களே என்று கேட்டாள், நான்தான் பங்காளிகள் எதிரில் சும்மா இரு என்று அதட்டினேன். நான் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்த அன்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தவனை அவளும் வெங்கடப்பனும்தானே பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நின்றபோது, அந்த சீட்டில், அவள் மடியில்தான் அவன் போனான். அதனால் அந்த இடத்துக்கு விளக்கு வேண்டும் என்று வெங்கடப்பனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வைத்திருக்கிறாள். சாவியை எடுத்தாலும் அணையக் கூடாது என்று சொல்லி நேராக பேட்டரியிலிருந்தே ஒயர் இழுக்க வைத்திருக்கிறாள். வண்டி கிளம்பாத நாளிலும் அந்த பல்பு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, இன்ஜினைச் சுற்றத்தான் சக்தி போதவில்லை, ஒரு பொட்டு வெளிச்சத்துக்குப் போதும். வண்டி கெளம்பாத அன்னிக்கெல்லாம் அவன் இருக்கான்னு நெனச்சுக்குவேன் என்றாள். நாங்கள் தள்ளிக்கொண்டு போவதை ஜன்னலில் நின்று பார்ப்பாளே, அதற்கு இதுதான் அர்த்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்.

நெகட்டிவ் கம்பியைக் கழற்றினேன் என்று மேலே எழுதினேனே மஞ்சு, விளக்கு அந்த நொடியிலேயே அணைந்துவிட்டது. பிறகு மினுக்கியது நான் நடுவில் பல்பு கொடுத்ததால் திரும்ப வந்த வெளிச்சம். நான் அவசர அவசரமாகக் கம்பியை மாட்டி, இதோ பார் எரிகிறது என்று காட்டினேன். இது வேற வெளக்கு என்றாள்.  மறுநாள் அவளே அந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டாள். பலகையை எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

வெங்கடப்பன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன், வந்துவிட்டான். அக்காவுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு நான் எப்படிண்ணா சொல்றது என்றான், அவ்வளவுதான், அவன் குத்திக் காட்டுகிற ஆள் இல்லை. வண்டி இப்போது சாவியைத் தொட்டதும் பிடிக்கிறது. ஒரு நாள் நின்றாலும் சரி, ரெண்டு நாள் நின்றாலும் சரி. முதல் நாள் வாசலில் அப்படிப் பிடித்தபோது உன் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தியவள் நாங்கள் பெங்களூர் போய்த் திரும்புகிற வரைக்கும் திறக்கவில்லை. அதனால் பேட்டரி நன்றாக இருந்தும் நானும் அவனும் இப்போதும் விடியற்காலையில் சாவி போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போகிறோம். வீட்டைத் தாண்டி, கோயில் திருப்பமும் தாண்டின பிறகுதான் ஸ்டார்ட் செய்கிறோம். தோட்டக்காரர்கள் இன்னும் பேட்டரி சரியாகவில்லையா என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் பொங்கலுக்கு வா, கிடைக்காவிட்டால் குழந்தையை எடுத்துக்கொண்டு நீ மட்டுமாவது வா. உன் அம்மாவுக்கு யாராவது மடியில் வேண்டும். விளக்கைப் பற்றி அவள் சொன்னால் கேட்டுக்கொள், நீயாகக் கேட்காதே. ஓசூரில் உன்னைக் கூப்பிட நான் வருவேன், ஆனால் வண்டி கொண்டு வரமாட்டேன், டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வரலாம். மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைக்கு என் முத்தம். உன் வீட்டு விளக்கு என்றைக்கும் எரிய வேண்டும் என்று கோட்டை மாரியம்மனை வேண்டிக்கொண்டு,

உன் அப்பா
நாராயணப்பன்